திவால் மனு போட்டால் வீட்டு அடமானம் என்ன ஆகும்? அமெரிக்காவில் வீடு வைத்திருப்பவர்களுக்குப் படிப்படியான விளக்கம்

திவால் வழக்கு முடிந்து கடன்களிலிருந்து விடுவிக்கும் டிஸ்சார்ஜ் உத்தரவு கைக்கு வந்ததும், வீட்டுக் கடனும் அதோடு போய்விட்டது என்று நம்பித் தவணையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. சில மாதம் கழித்து ஏல நோட்டீஸ் வந்து நிற்கும். உத்தரவிலும் பிழை இல்லை, வங்கியும் சட்டத்தை மீறவில்லை. கடனைக் கட்ட வேண்டிய உங்கள் சொந்தப் பொறுப்புதான் போனது. வீட்டின் மேல் வங்கிக்கு இருக்கும் பிடி அப்படியே இருக்கிறது. அந்தப் பிடிக்குத்தான் லீன் என்று பெயர். இது பிடிபட்டால் மீதி எல்லாம் கணக்கும் காலக்கெடுவும்தான்.

கீழே வருவது அமெரிக்கத் திவால் சட்டத்தில் தனிநபர்கள் அதிகம் போடும் சாப்டர் 7, சாப்டர் 13 மனுக்களைப் பற்றியது. சாப்டர் 7-இல் சட்டம் காப்பாற்றாத சொத்தை விற்றுக் கடனுக்குப் பங்கிடுவார்கள்; சாப்டர் 13-இல் நீங்கள் சில வருடத் திட்டம் போட்டுக் கட்டுவீர்கள். திவால் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். ஏலம் நடக்கும் முறையும் வீட்டின் மதிப்பில் கடன் கொடுத்த மற்றவர்கள் தொட முடியாத விலக்குத் தொகையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதனால் மனுவில் கையெழுத்திடும் முன் உங்கள் ஊர் திவால் வழக்கறிஞர் ஒருவரிடம் காகிதங்களைக் காட்டிவிடுங்கள். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து போவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: கையெழுத்திட்ட இரண்டு காகிதங்களைத் தேடி எடுங்கள்

வீடு வாங்கிய அன்று போட்ட கையெழுத்துகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று பிராமிசரி நோட்: இவ்வளவு பணத்தை இவ்வளவு வட்டியோடு நான் கட்டுவேன் என்ற உங்கள் வாக்குறுதி. இன்னொன்று மார்ட்கேஜ் பத்திரம். கலிஃபோர்னியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் டீட் ஆஃப் டிரஸ்ட் என்பார்கள். நான் கட்டாவிட்டால் வீட்டை விற்று எடுத்துக்கொள்ளலாம் என்று வங்கிக்கு நீங்கள் கொடுத்த உரிமை அது. அதுதான் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) அலுவலகத்தில் பதிவாகியிருக்கும்.

டிஸ்சார்ஜ் முதல் காகிதத்தை மட்டும்தான் தொடும். 1886-இல் லாங் எதிர் புல்லார்ட் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. 1991-இல் ஜான்சன் எதிர் ஹோம் ஸ்டேட் பேங்க் வழக்கில் இன்னும் தெளிவாக்கியது: டிஸ்சார்ஜுக்குப் பிறகு வங்கி உங்கள் சம்பளத்தையோ வங்கிக் கணக்கையோ துரத்த முடியாது, வீட்டின் மேல் மட்டும் கை வைக்கலாம்.

படி 2: வீட்டின் மேல் யார் யாருக்கு லீன் இருக்கிறது என்று பாருங்கள்

முதல் அடமானம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மறந்துபோவது மற்றவைதான்: வீட்டின் மேல் கூடுதலாக வாங்கிய ஹோம் ஈக்விட்டி கடன், சொத்து வரி பாக்கி, குடியிருப்புச் சங்கப் பாக்கி, ஐ.ஆர்.எஸ். என்ற வருமான வரித் துறை போட்ட வரி லீன், கிரெடிட் கார்டு நிறுவனம் வழக்குப் போட்டு ஜெயித்து வாங்கிய தீர்ப்பு லீன். கவுண்டி பதிவு அலுவலகத்திலோ அதன் இணையதளத்திலோ உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். பதிவான தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். யாருக்கு முதலில் பணம் என்பதைப் பொதுவாக அந்தத் தேதிதான் தீர்மானிக்கும். சொத்து வரி மட்டும் பெரும்பாலும் எல்லோரையும் முந்திவிடும்.

இந்த லீன்கள் எல்லாம் மனுவோடு சேர்க்கும் ஷெட்யூல் டி என்ற படிவத்தில் வர வேண்டும். தவணை பாக்கியே இல்லாத அடமானத்தையும் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் லீன் காணாமல் போய்விடாது. மனுவின் உண்மைத்தன்மை மீதுதான் கேள்வி எழும்.

படி 3: ஈக்விட்டியைக் கணக்கிடுங்கள்

வீட்டின் இன்றைய சந்தை மதிப்பிலிருந்து லீன் தொகைகளைக் கழித்தால் கிடைப்பது உங்கள் ஈக்விட்டி. சாப்டர் 7-இல் வழக்கை நிர்வகிக்க நியமிக்கப்படும் டிரஸ்டிக்கு வங்கியைவிட இந்த மீதியில்தான் அக்கறை. மற்ற கடன்காரர்களுக்கு (உங்களுக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு) பங்கிட ஏதாவது தேறுமா என்று அவர் பார்ப்பார்.

ஒரு கணக்கு போடுவோம். வீடு 4,00,000 டாலர், அடமான பாக்கி 3,30,000. ஈக்விட்டி 70,000. ஏப்ரல் 2025 முதல் கூட்டாட்சிச் சட்டத்தின் வீட்டு விலக்கு ஒருவருக்கு 31,575 டாலர். தனி ஆளாக மனு போட்டால் 38,425 டாலர் வெளியே நிற்கும். விற்பனைச் செலவு போக அதில் ஏதாவது மிஞ்சும் என்று தெரிந்தால் டிரஸ்டி வீட்டை விற்கவே பார்ப்பார். வீடு இருவர் பெயரிலும் இருந்து, கணவனும் மனைவியும் சேர்ந்து மனு போட்டால் விலக்கு 63,150 ஆகிறது. மிஞ்சும் 6,850 டாலர் விற்பனைச் செலவுக்கே காணாது என்பதால் பெரும்பாலும் வீட்டை விட்டுவிடுவார்.

எல்லா மாநிலத்திலும் இந்தக் கூட்டாட்சி விலக்கைப் பயன்படுத்த முடியாது. ஃப்ளோரிடாவில் மாநில விலக்குதான். அங்கே நில அளவுக்கு வரம்பு உண்டே தவிர, பொதுவாகப் பண மதிப்புக்கு வரம்பில்லை. ஆனால் எந்த விலக்கும் நீங்களே எழுதிக்கொடுத்த அடமானத்தை வெல்லாது. விலக்கு மற்ற கடன்காரர்களிடமிருந்துதான் காப்பாற்றும்.

படி 4: மனு போட்ட நிமிடத்தில் நடப்பது

மனு பதிவான உடனே ஆட்டோமேட்டிக் ஸ்டே என்ற தடை தானாக அமலுக்கு வரும். திவால் சட்டத்தின் 362-ஆம் பிரிவு இது. ஏலம் நாளைக் காலை என்றாலும் இன்று மாலைக்குள் மனு பதிவானால் ஏலம் நிற்கும். ஏலம் முடிந்த பிறகு போட்ட மனு பெரும்பாலும் வீட்டைத் திருப்பித் தராது. மனு போடும் முன்பே, அந்தத் தேதிக்கு முந்தைய 180 நாட்களுக்குள் அங்கீகரிக்கப்பட்ட கடன் ஆலோசனை வகுப்பை முடித்திருக்க வேண்டும். இதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தத் தடை நிரந்தரமானது அல்ல. தவணை வரவில்லை, வீட்டில் ஈக்விட்டியும் இல்லை என்று காட்டி வங்கி தடையை நீக்கக் கேட்கலாம். கடந்த ஓராண்டுக்குள் உங்கள் வழக்கு ஒன்று தள்ளுபடியாகியிருந்தால், நீதிமன்றம் நீட்டிக்காவிட்டால் தடை 30 நாளில் முடிந்துவிடும். இரண்டு தள்ளுபடியாகியிருந்தால் தடையே தானாக வராது. ஏலத்தைத் தள்ளிப்போட மட்டும் மனு மேல் மனு போடச் சொல்லும் ஆட்களை நம்பி வீட்டை இழக்காதீர்கள்.

படி 5: சாப்டர் 7 என்றால் வைத்துக்கொள்வதா, விடுவதா?

மனு போட்ட 30 நாளுக்குள், அல்லது கடன்காரர் கூட்டத்துக்குள், எது முன்னதோ அதற்குள், வீட்டை என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஃபார்ம் 108-இல் எழுதித் தர வேண்டும்.

வைத்துக்கொள்வதென்றால் தவணை தவறக் கூடாது. சாப்டர் 7-இல் பழைய பாக்கியைப் பிரித்துக் கட்ட வழியே கிடையாது. இங்கேதான் ரீஅஃபர்மேஷன் ஒப்பந்தம் என்று ஒரு காகிதத்தை வங்கி நீட்டும். அதில் கையெழுத்திட்டால், டிஸ்சார்ஜில் போகவிருந்த சொந்தப் பொறுப்பை மறுபடி தலையில் ஏற்றிக்கொள்கிறீர்கள். இரண்டு வருடம் கழித்து வேலை போய், வீடு குறைந்த விலைக்கு ஏலம் போனால், மாநிலச் சட்டம் இடம் கொடுக்கும் இடங்களில் ஏலப் பணம் போகக் கடனில் மிஞ்சும் பற்றாக்குறைத் தொகைக்கும் உங்களைக் கேட்பார்கள். வீட்டுக் கடனுக்கு இதில் கையெழுத்திடத் தேவை மிக அரிது என்பதே என் உறுதியான கருத்து. வசிக்கும் வீட்டுக்கு டிஸ்சார்ஜுக்குப் பிறகும் வங்கி வழக்கமான தவணையை வாங்கிக்கொள்ள 524(ஜே) உட்பிரிவு இடம் தருகிறது. கையெழுத்திடாமலே கட்டிக்கொண்டு குடியிருப்பவர்கள் ஏராளம். இதில் ஒரு குறை, அந்தத் தவணைகள் உங்கள் கிரெடிட் அறிக்கையில் ஏறாமல் போகலாம். காருக்கு விதி வேறு, அதை இதோடு குழப்ப வேண்டாம். ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டீர்களா? டிஸ்சார்ஜ் வரும் வரையோ, ஒப்பந்தம் நீதிமன்றத்தில் தாக்கலான 60 நாள் வரையோ, எது பின்னதோ அதுவரை ரத்து செய்யலாம்.

விடுவதென்றாலும் கவனம் தேவை. சரண்டர், அதாவது வீட்டை ஒப்படைக்கிறேன் என்று எழுதிக்கொடுத்த உடனே வீடு வங்கி பெயருக்கு மாறிவிடாது. ஏலம் முடியும் வரை பத்திரத்தில் உங்கள் பெயர்தான். மனுவுக்குப் பிறகு ஏறும் குடியிருப்புச் சங்கக் கட்டணம் டிஸ்சார்ஜில் போகாது, உங்கள் கணக்கில்தான் ஏறும். வெளியேறியதும் காப்பீட்டை நிறுத்திவிடாதீர்கள். யாராவது காலி வீட்டின் படியில் விழுந்தால் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும்.

வீட்டின் மதிப்பு கடனைவிடக் குறைந்துவிட்டது, அடமானத்தை அந்த அளவுக்குக் குறைக்கலாமா? சாப்டர் 7-இல் முடியாது. 1992-இல் டியூஸ்நப் எதிர் டிம் வழக்கு அந்தக் கதவை மூடியது. ஒரு டாலர்கூடத் தேறாத இரண்டாம் அடமானத்தையும் நீக்க முடியாது என்று 2015-இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா எதிர் கால்கெட் வழக்கில் தீர்ப்பானது.

படி 6: தவணை பாக்கி இருந்தால் சாப்டர் 13-ஐப் பாருங்கள்

வீட்டைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்குச் சட்டம் தரும் உண்மையான கருவி இதுதான். மூன்று முதல் ஐந்து வருடத் திட்டத்தில் பழைய பாக்கியைப் பிரித்துக் கட்டலாம். 18,000 டாலர் பாக்கி என்றால் 60 மாதத்துக்கு மாதம் 300 டாலர், அதோடு டிரஸ்டியின் கட்டணம். நடப்புத் தவணையையும் தவறாமல் கட்ட வேண்டும். மனு போட்ட 30 நாளுக்குள் திட்டத்தின் முதல் தொகை போக வேண்டும்.

வங்கி தனக்கு வர வேண்டிய தொகையின் கணக்கை மனு போட்ட 70 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதோடு வரும் 410ஏ படிவத்தை உங்கள் ரசீதுகளோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். கட்டிய தவணை ஏறாமல் இருப்பது, புரியாத கட்டணம் சேர்ந்திருப்பது எல்லாம் அங்கேதான் தெரியும். தவறு இருந்தால் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

வசிக்கும் வீட்டின் முதல் அடமானத்தை இங்கேயும் குறைக்க முடியாது. அது 1993-இல் வந்த நோபல்மன் தீர்ப்பு. இரண்டாம் அடமானத்துக்கு மட்டும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. வீடு 4,00,000 டாலர், முதல் அடமானமே 4,15,000, இரண்டாவது 60,000 என்று வையுங்கள். இரண்டாவதுக்கு வீட்டில் ஒரு டாலர்கூட மிச்சமில்லை. அப்படியானால் அதைச் சாதாரணக் கடனாக மாற்றி லீனை நீக்கலாம் என்று பல மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. ஆனால் வீட்டின் மதிப்பு 4,16,000 என்று தீர்மானமானால், அந்த ஆயிரம் டாலருக்காக மொத்த 60,000-க்கான லீனும் தப்பித்துவிடும். மதிப்பீட்டாளருக்குக் கொடுக்கும் பணத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பது இதனால்தான். இந்த நீக்கம் திட்டம் முழுதாக முடிந்த பிறகே உறுதியாகும். நடுவில் வழக்கு தள்ளுபடியானால் லீன் பழையபடி உயிர்பெறும்.

படி 7: தீர்ப்பு லீனைத் தனியாக நீக்குங்கள்

கிரெடிட் கார்டு கடன் டிஸ்சார்ஜில் போனாலும், அந்த நிறுவனம் வழக்கில் ஜெயித்து வீட்டின் மேல் போட்ட லீன் தானாகப் போகாது. அது உங்கள் விலக்குத் தொகையில் கை வைக்கிறது என்று காட்டி 522(எஃப்) பிரிவில் தனி மனு போட வேண்டும். அடமானத்துக்கும் வரி லீனுக்கும் இது பொருந்தாது.

படி 8: வழக்கு முடிந்த பிறகு

லீனை நீக்கிய உத்தரவு நீதிமன்றக் கோப்பில் இருந்தால் மட்டும் போதாது. சான்றிட்ட நகல் வாங்கிக் கவுண்டி அலுவலகத்தில் பதியுங்கள். இல்லையென்றால் வீட்டை விற்கும்போது சொத்து உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் நிறுவனம் அந்தப் பழைய லீனைக் காட்டி விற்பனையை நிறுத்தும். சாப்டர் 13 முடியும் நேரத்தில் பாக்கி முழுக்கத் தீர்ந்ததா என்று கேட்டு வங்கிக்கு நோட்டீஸ் போகும். வங்கியின் பதிலில் ஏதாவது தொகை பாக்கி என்று இருந்தால் வழக்கு மூடப்படும் முன்பே வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். தீரவில்லை என்று வங்கி சொல்வதை நீதிபதி முன்னால் மறுக்க அப்போதுதான் எளிது. திட்டம் முடிந்த அடுத்த மாதமும் வழக்கமான வீட்டுத் தவணையைக் கட்ட வேண்டும். சாப்டர் 13 டிஸ்சார்ஜில் நீண்டகால அடமானத்தின் மீதித் தவணைகள் சேராது.