அலெக்ஸ் ரைடரைப் பிள்ளைகள் கையில் கொடுப்பது எப்படி?

பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொள்பவள் நான். "மிஸ், போரடிக்காத புக் ஏதாவது குடுங்க" என்று ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வந்து நின்றால், ஆண்டனி ஹோரோவிட்ஸ் எழுதிய 'ஸ்டார்ம்பிரேக்கர்' நாவலைத்தான் முதலில் எடுப்பேன். 2000-இல் வெளிவந்த ஆங்கில நாவல், அலெக்ஸ் ரைடர் என்ற சிறுவன் ஒற்றனாகும் கதை வரிசையில் முதல் புத்தகம்.

கொடுக்கும்போது "இது ஸ்பை கதை" என்று ஆரம்பிக்காதீர்கள். அதெல்லாம் படத்திலேயே பார்த்தாச்சு என்பார்கள். சீட் பெல்ட்டிலிருந்து தொடங்குங்கள். லண்டனில் 14 வயது அலெக்ஸை வளர்த்தவர், அவன் அப்பாவின் சகோதரர் இயன். அவர் கார் விபத்தில் செத்துவிட்டார், சீட் பெல்ட் போடவில்லை என்கிறது போலீஸ். ஆனால் பெல்ட் போடாமல் காரை நகர்த்தவே மாட்டாராம் அவர். "அப்போ யார் பொய் சொல்றாங்க?" என்று கேட்டு நிறுத்துங்கள். பிள்ளையின் கை தானாகப் புத்தகத்துக்கு நீளும்.

ஆங்கிலம் தடுமாறும் பிள்ளையென்றால் முதல் அத்தியாயத்தை நீங்களே உரக்க வாசியுங்கள். அப்புறம் பழைய கார்களை நொறுக்கும் யார்டு வரும் இடம். இயனின் காரில் குண்டு துளைத்த ஓட்டைகளைப் பார்க்கிறான் அலெக்ஸ். உள்ளே ஏறி உட்கார்ந்து துழாவுகிறான். அந்த நேரம் பார்த்து கிரேன் காரைத் தூக்குகிறது, நொறுக்கும் இயந்திரத்தில் போட. அங்கேயே மூடிவைத்துவிட்டு எழுந்து போங்கள். மீதியைப் பிள்ளையே படிக்கட்டும். தெரியாத சொல்லுக்கெல்லாம் அகராதியைப் புரட்டச் சொல்லாதீர்கள், வேகம் போய்விடும்.

உலோகத்தை அரிக்கும் பருக் கிரீம், ஆளைத் தூக்கும் யோ-யோ எல்லாம் பின்னால் வரும். முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். ஆனால் இந்த வயதுப் பிள்ளைகளைப் பிடித்து இழுப்பது அவை மட்டுமல்ல என்பது என் எண்ணம். அலெக்ஸ் ஆசைப்பட்டு ஒற்றனாகவில்லை. பிரிட்டன் உளவு அமைப்பான எம்ஐ6-இன் பெரியவர்கள் அவனை மிரட்டிப் பணிய வைக்கிறார்கள். சாகக்கூடிய இடத்துக்கு அனுப்புகிறார்கள், ஆனால் நீ சின்னப் பையன் என்று துப்பாக்கி தர மறுக்கிறார்கள். பெரியவர்கள் தன்னிடம் உண்மையை மறைக்கிறார்கள் என்று உள்ளுக்குள் குமுறும் வயதில் இது எப்படி ஒட்டாமல் போகும்? படித்து முடித்ததும் "அவங்க செஞ்சது சரியா?" என்று கேளுங்கள். நிறையப் பேசுவார்கள். நடுவில் புகுந்து தீர்ப்பு சொல்லாதீர்கள்.

இன்னொன்றும் பேச வேண்டும். வில்லன் ஹெராட் சேல் வேற்று நாட்டிலிருந்து வந்து, இங்கிலாந்துப் பள்ளியில் கேலிக்கு ஆளானவன். அவன் தோற்றத்தைக் கதையும் மட்டமாகவே காட்டுகிறது. இது எனக்கு உறுத்தல்தான். அதற்காகப் புத்தகத்தை ஒளிக்க வேண்டாம், வெளிப்படையாகப் பேசுங்கள். கொலைகளும் வருவதால் பத்து வயதுக்குக் கீழே கொடுக்க வேண்டாம்.

2006-இல் வந்த படத்தை அப்புறம் பார்க்கலாம். அதற்கு முன் இரண்டாம் பாகமான 'பாயின்ட் பிளாங்க்' கையில் இருக்கட்டும். ஸ்டார்ம்பிரேக்கரைத் திருப்பித் தரும் அன்றைக்கே அடுத்ததைக் கேட்பார்கள்.