ஸ்லைடில் சினிமா எஃபெக்ட் வைக்கும்போது சொதப்பும் இடங்கள்

பாட ஸ்லைடுகளில் சினிமா மாதிரி அசைவு கொண்டுவரத் தனி மென்பொருள் தேடி அலைந்த காலம் போய்விட்டது, பவர்பாயிண்ட்டில் இருக்கும் மார்ஃப் (ஒரு ஸ்லைடில் உள்ள பொருளை அடுத்த ஸ்லைடில் இருக்கும் இடத்துக்கும் அளவுக்கும் தானாக நகர்த்தும் வசதி) ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். சிக்கலும் அங்கேதான். சுலபமாக வருகிறதே என்று ஸ்லைடுக்கு ஒரு ஜூம், ஒரு சுழற்சி, பறந்து வரும் தலைப்பு என்று அடுக்கிவிடுகிறோம்.

நானும் செய்தவன்தான். இதயத்தில் ரத்தம் ஓடும் விதம் பற்றி ஒரு பாடம். முழு இதயத்தையும் காட்டி, மெதுவாக ஆறு விநாடி ஜூம் ஆகி வலது மேலறைக்குள் போவதுபோல் செய்திருந்தேன். பார்க்க அருமையாக இருந்தது. ஆனால் அந்த ஆறு விநாடிக்குள் பாடத்தை விளக்கும் குரல் மேலறையைத் தாண்டி, மூவிதழ் வால்வைத் தாண்டி, கீழறைக்கே போய்விட்டது! படம் இன்னும் வழியில் வந்துகொண்டிருக்கிறது. பார்த்தவர் கேட்ட கேள்வி, "வால்வு எங்கே இருக்கு?" அன்றிலிருந்து ஒரே பழக்கம்: கேமரா நகரும்போது குரல் சும்மா இருக்கட்டும், போய்ச் சேர்ந்ததும் பேசட்டும். அதற்கு நகர்வு ஒன்றரை, இரண்டு விநாடிக்குள் முடிய வேண்டும்.

அடுத்தது, வேகம். நிஜக் கேமரா சட்டென்று கிளம்பிச் சட்டென்று நிற்காது. ஸ்லைடில் நகரும் பொருள் சுவரில் மோதியதுபோல் நின்றால், அந்த எஃபெக்டின் ஆப்ஷன்ஸைத் திறந்து பாருங்கள், ஸ்மூத் ஸ்டார்ட், ஸ்மூத் எண்ட் இரண்டும் பூஜ்யத்தில் இருக்கும். முடிவுக்குக் கொஞ்சம் அதிகம் கொடுத்தாலே தோற்றம் மாறிவிடும். மோஷன் பாத்தையும் (பொருளை ஒரு பாதையில் நகர்த்துவது) குரோ/ஷ்ரிங்க்கையும் (பெரிதாக்குவது, சிறிதாக்குவது) சேர்த்து ஜூம் செய்கிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: இரண்டாவது அனிமேஷன் 'ஆஃப்டர் ப்ரீவியஸ்' என்று இருந்தால் படம் முதலில் நகரும், நின்று, பிறகு பெரிதாகும், ஏதோ கிரேன் இயக்குவதுபோல. 'வித் ப்ரீவியஸ்' வையுங்கள், நேரமும் ஸ்மூத் அளவுகளும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். ஒன்று 2 விநாடி, மற்றது 1.5 என்றிருந்தால் கடைசி அரை விநாடி படம் தள்ளாடும்.

மார்ஃப் பற்றி நிறையப் பேர் சொல்லும் புகார், "நகராமல் மங்கி மறைகிறது" என்பது. பெரும்பாலும் காரணம் இதுதான், இரண்டு ஸ்லைடிலும் இருப்பது ஒரே பொருள் என்று அதற்குத் தெரியவில்லை. இரண்டாம் ஸ்லைடைப் புதிதாக வரையாமல் முதல் ஸ்லைடை நகலெடுத்து மாற்றுவதே நல்லது. அப்படியும் குழம்பினால் ஆல்ட் + எஃப்10 அழுத்தி செலக்ஷன் பேனை (ஸ்லைடில் உள்ள பொருள்களின் பெயர்ப் பட்டியல்) திறந்து, இரண்டு இடத்திலும் ஒரே பெயரை, முன்னால் இரண்டு ஆச்சரியக்குறியோடு (!!இதயம் என்பதுபோல) கொடுங்கள், பிடித்துக்கொள்ளும். அப்புறம், 2016-க்கு முந்தைய பவர்பாயிண்ட் பதிப்பில் திறந்தால் மார்ஃப் வெறும் ஃபேடாகத்தான் (மங்கி மாறுவதாகத்தான்) தெரியும். அதற்குப் பெயரை மாற்றிப் பயனில்லை.

படம் மங்கலாகத் தெரிவது கணக்குப் பிழை, வேறொன்றும் இல்லை. 1920 பிக்சல் அகலப் படத்தை இரண்டு மடங்கு ஜூம் செய்தால் திரையை நிரப்புவது 960 பிக்சல்தான். எவ்வளவு ஜூமோ அத்தனை மடங்கு அகலமான படத்தில் தொடங்குங்கள். ஃபைல் மெனுவின் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்ட் பகுதிக்குப் போய்ப் படங்களைச் சுருக்க வேண்டாம் என்பதையும் டிக் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் சேமிக்கும்போது அதுவே குறைத்துவிடும்.

மேலும் கீழும் கறுப்புப் பட்டை. இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. 1920 x 1080 திரையில் 2.39:1 என்ற அகலத்திரை சினிமாத் தோற்றம் வேண்டுமானால் மேலே 138, கீழே 138 பிக்சல் போகிறது, கால்வாசி உயரம். கைபேசியில் படிக்கிறவருக்கு எழுத்து ஏற்கெனவே சிறிசு, அதில் இது வேறு. அறிமுக ஸ்லைடில் வையுங்கள், பாடம் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள்.

மின்னல் எஃபெக்ட் ஒரு விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது. இது அழகுக்கான விதி இல்லை, சிலருக்கு வலிப்பே வரலாம். சுழலும், ஆடும் பின்னணியும் அப்படித்தான், தலைசுற்றல் உள்ளவர்கள் பாடத்தை மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

கடைசியில் வெளியிடும் கட்டம். வீடியோவாக மாற்றினால் 'ஆன் கிளிக்' என்பதற்கு அர்த்தமே இல்லை, நேரம் பதிவு செய்யாத ஸ்லைடுக்கு பவர்பாயிண்ட் தானாகவே 5 விநாடி எடுத்துக்கொள்ளும், குரலும் படமும் வேறு வேறு வழியில் போகும். ரிக்கார்ட் வசதியில் ஒரு முறை முழுதாக ஓட்டி நேரத்தைப் பதிந்த பிறகு மாற்றுங்கள். ஸ்கார்ம் (இணையவழிப் பாடத் தளங்களில் ஏற்றுவதற்கான பாட வடிவம்) தொகுப்பாக்கும் கருவிகள் எல்லா அசைவையும் அப்படியே கொண்டுபோவதில்லை. அதனால் நாற்பது ஸ்லைடு செய்து முடித்த பிறகு சோதிக்காதீர்கள், மார்ஃப் உள்ள இரண்டு ஸ்லைடை மட்டும் முதல் நாளே ஏற்றி, ஒரு பழைய கைபேசியில் திறந்து பாருங்கள்.