மாதுளை தோலை வீசாதீங்க, சன்ஸ்கிரீனுக்கு அடியில பூசலாம்

முதல்லயே சொல்லிடுறேன், வீட்ல சன்ஸ்கிரீன் செய்யவே செய்யாதீங்க. சிங்கப்பூர்ல மத்தியானம் யூவி இண்டெக்ஸ் (வெயில்ல இருக்குற புற ஊதாக் கதிரோட அளவு) 11ஐ தாண்டுறது சகஜம், பழத்தோல் சாறு அதைத் தடுக்காது. கடையில வாங்குற சன்ஸ்கிரீனையும் தாண்டி உள்ள போற கொஞ்சம் வெயில் தோல்ல ஃப்ரீ ராடிக்கல்ஸ, அதாவது செல்லைக் கெடுக்குற நிலையில்லாத மூலக்கூறுகள உண்டாக்கும், அதைப் பிடிச்சு அடக்குற பொருள்தான் ஆன்டிஆக்ஸிடன்ட். 2005ல அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழக ஆளுங்க பன்றித் தோல்ல சோதிச்சாங்க, விட்டமின் சி, ஈ கலவையில 0.5% ஃபெருலிக் ஆசிட்ங்கிற தாவர ஆன்டிஆக்ஸிடன்ட் சேர்த்ததும் வெயில்ல இருந்து கிடைக்கிற பாதுகாப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்காச்சு. அந்த ஃபெருலிக் ஆசிட் நம்ம அரிசித் தவிட்லயே இருக்கு.

வீட்டுக்கு ஈசி மாதுளை தோல்தான். தேக்கா மார்க்கெட்ல வாங்கி உரிச்சதும் குப்பைக்கு போற அந்த தோல்லதான் புனிகலாஜின்ங்கிற ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைய இருக்கு. நல்லா கழுவி, பொடியா நறுக்கி, அவன்ல 50-60 டிகிரியில காய வைங்க, இங்க இருக்குற ஈரப்பதத்துக்கு ஜன்னலோரம் வச்சா காயறதுக்குள்ள பூஞ்சை பிடிச்சிரும். உடைச்சா படக்குனு ஒடியணும், வளைஞ்சா இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம். மிக்ஸில தூளாக்கி, ஒரு ஸ்பூன் தூளுக்கு பத்து ஸ்பூன் கிளிசரின் தண்ணி கலவை (கிளிசரின் மூணு பங்கு, கொதிச்சு ஆறின தண்ணி ஒரு பங்கு) ஊத்தி, கண்ணாடி ஜாடியில ஒரு ராத்திரி வச்சு மெல்லிய துணியில வடிகட்டுங்க. இரும்பு சட்டி பக்கமே போகாதீங்க, மாதுளை தோல்ல இருக்குற டானின்ங்கிற துவர்ப்புப் பொருள் இரும்போட சேர்ந்து மை மாதிரி கறுத்துரும்.

ஃப்ரிட்ஜ்ல வச்சு ஒரு வாரத்துக்குள்ள முடிச்சிடணும், வாடை மாறினா உடனே கொட்டிருங்க. முழங்கை உள்பக்கம் தடவி ரெண்டு நாள் பாத்துட்டு, அரிப்பு இல்லன்னா ஈரக் கையில ரெண்டு மூணு சொட்டு விட்டு முகத்துல பூசி, நல்லா காய்ஞ்சதும் சன்ஸ்கிரீன வழக்கம் போல தாராளமா போடுங்க. சன்ஸ்கிரீன் பாட்டில்லயே இதைக் கலக்காதீங்க, கிரீம் பிரிஞ்சு தோல்ல திட்டுத் திட்டா நிக்கும், பாட்டில்ல போட்டிருக்குற எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு அளவு) நம்பருக்கே அர்த்தமில்லாம போயிரும்.

எலுமிச்சை தோல் மட்டும் வேண்டவே வேண்டாம். அதுல இருக்குற ஃபியூரோகூமரின்ங்கிற வேதிப்பொருள் வெயில் பட்டதும் தோலைப் பொசுக்கிடும், கொப்புளம் ஆறினாலும் கருந்தழும்பு மாசக்கணக்குல நிக்கும்.