ரெண்டு பேர் மட்டும் வாசிக்கிற ரொக் அல்பம் கேக்கப் போறீங்களோ? தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில இப்ப கொஞ்சப் பெடியள் பிளாக் கீஸ், வைட் ஸ்ட்ரைப்ஸ் எண்டு ரெண்டு பேர் மட்டும் வாசிச்ச அமெரிக்க ரொக் குழுக்களைக் கேக்கத் தொடங்கியிருக்கினம், எனக்கு அது சரியான சந்தோசம். ஆனா நாங்கள் அந்தக் காலத்தில விட்ட அதே பிழையள இவையும் வரிசையா விடுறதைப் பாத்துக்கொண்டு சும்மா இருக்க ஏலாமல் கிடக்கு. நல்ல ஹெட்செட் வாங்குங்கோ, களவா இறக்கின மட்டமான ஃபைலில கேக்காதேங்கோ எண்டதெல்லாம் எல்லாரும் சொல்லுவினம், நான் அதுக்குள்ள போகேல்ல.

உதாரணத்துக்கு ஒரு அல்பத்தை எடுப்பம். பிளாக் கீஸின்ட திக்ஃப்ரீக்னெஸ், 2003ல வந்தது. டான் ஓவர்பாக் கிற்றாரும் குரலும், பட்ரிக் கார்னி ட்ரம்ஸ், அவ்வளவுதான் ஆக்கள், கீழ்ச் சத்தம் தாற பேஸ் கிற்றாருக்கு ஆளில்லை. அமெரிக்காவில ஒஹாயோ மாநிலத்து அக்ரன் எண்ட ஊரில, கார்னியின்ட வீட்டு நிலவறையில, 8 ட்ராக் டேப் மெசின் ஒண்டை வச்சு, அநேகமான பாட்டுகள ஒரே இருப்பில 14 மணித்தியாலத்தில பதிஞ்சு முடிச்சவை. ஸ்டூடியோ மினுக்கல் ஒண்டும் இல்லாமல் அந்தச் சத்தம் ஏன் அப்பிடி இருக்கு எண்டு கேக்கிறவைக்கு பாதி மறுமொழி இதிலயே இருக்கு.

கரகரப்பைக் கேட்டுட்டு ஸ்பீக்கர் பழுது எண்டு நினைக்கிறது

முதல் பாட்டு தொடங்கின உடனேயே "அண்ணை, பொக்ஸ் கிழிஞ்சு போச்சு போல" எண்டு கேட்ட ஆக்கள் இருக்கினம். கிழியேல்ல. அது கிற்றார் அம்பை (சத்தத்தைக் கூட்டுற அம்ப்ளிஃபையரை) வேணுமெண்டே அளவுக்கு மிஞ்சித் தள்ளி எடுக்கிற சத்தம், குரலிலயும் அந்தக் கரகரப்பு ஏறியிருக்கும். சந்தேகமெண்டா அதே வொலியூமில தெளிவான குரல் உள்ள ஒரு பழைய தமிழ்ப் பாட்டைப் போட்டுப் பாருங்கோ, அதிலயும் கரகரத்தால் மட்டும் திருத்திற ஆளிட்டக் கொண்டு போங்கோ.

பேஸ் இல்லையெண்டு பேஸைக் கூட்டுறது

இதைத்தான் நான் முக்கியமா சொல்ல வந்தது, இதை நினைச்சாலே எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

உப்புவெளியில எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி. நிலாவெளியில சீசன் நேரம் ஹோட்டல்ல வேலை செய்து சேத்த காசில ஒரு சோடி பாவிச்ச ஸ்பீக்கரும் ஒரு சின்ன அம்பும் வாங்கினவன், நல்ல சாமான். ஓட்டோவில சீற்றுக்குப் பின்னால வூஃபர் வச்சு நெஞ்சு அதிரப் பாட்டுக் கேட்டுப் பழகின பெடியன், இந்த அல்பத்தைப் போட்டா அவனுக்கு ஏதோ குறையிற மாதிரி இருந்திருக்கு, போன் ஈக்குவலைசரில கீழ்ப்பக்கத்தைக் கடைசி வரைக்கும் ஏத்தி, அது காணாதெண்டு அம்பிலயும் பேஸ் குமிழை முழுசாத் திருகி, ரெண்டு கிழமையா அப்பிடியே கேட்டிருக்கிறான். நான் போகேக்க ஒரு பொக்ஸ் சத்தமே இல்லை. முன் துணியைக் கழட்டி, கோனில (அதிருற கடதாசிக் கூம்பில) ரெண்டு பக்கமும் விரலை வச்சு மெதுவா உள்ள அமத்தினன், சுத்தமான ஸ்பீக்கர் சத்தமில்லாமல் உள்ள போய் வரும், இது கடதாசியை மண்ணில தேய்ச்ச மாதிரிச் சுரண்டிச்சுது. மூக்கைக் கிட்டக் கொண்டு போனா கருகின வார்னிஸ் மணம். கோனை அசைக்கிற கம்பிச் சுருள், அதுதான் கொயில், எரிஞ்சு போச்சு. அந்த அளவு கொயில் இஞ்ச ஒரு கடையிலயும் இல்லை, கொழும்பில எடுப்பிச்சுச் சுத்தின செலவு பொக்ஸ் வாங்கின காசுக்குக் கிட்ட வந்திட்டுது.

ஏன் இப்பிடி நடக்குது எண்டு விளங்கினா ஒருத்தரும் அந்தக் குமிழைத் தொட மாட்டினம். பேஸ் கிற்றாரின்ட ஆகக் கீழ்ச் சரம் (கம்பி) கிட்டத்தட்ட 41 ஹேர்ட்ஸ், அதாவது ஒரு செக்கனுக்கு 41 அதிர்வு, சாதாரண கிற்றாரின்டது 82. இந்த அல்பத்தில நீங்கள் கேக்கிற தடிப்பு கிற்றார்தான், அப்ப சாதாரண டியூனிங்கில 82க்குக் கீழ கிற்றார் சுரம் ஒண்டுமே இல்லை. 50, 60இல நீங்கள் கூட்டேக்க கூடுறது காலால அடிக்கிற கிக் ட்ரம்மின்ட அடியும் டேப்பில கிடக்கிற உறுமலும்தான். இல்லாத ஒண்டை எவ்வளவு கூட்டினாலும் வராது. ஆனா அம்ப் படுற பாடு வேற, 10 டெசிபெல் கூட்டினா அந்த இடத்துக்கு 10 மடங்கு வலு வேணும், சின்ன அம்ப் அதை எங்கயிருந்து குடுக்கும், அலையின்ட தலையை வெட்டி அனுப்பும். அதோட சேத்து இன்னொண்டையும் யோசியுங்கோ. சாதாரண பாட்டில சத்தம் ஏறி இறங்கும், கொயிலுக்கு இடையில ஆற நேரம் கிடைக்கும். இந்த மாதிரிக் கரகரத்த கிற்றார் ஏறினா ஏறின மட்டத்திலயே நிக்கும், கொயிலுக்கு ஓய்வே இல்லை. ரெண்டும் சேர, சூடு ஏறி எரியாமல் என்ன செய்யும்?

"அப்ப வைட் ஸ்ட்ரைப்ஸில பேஸ் கேக்குதே" எண்டு சண்டைக்கு வருவினம். அதே 2003இல வந்த அவையின்ட எலிஃபன்ட் அல்பத்தின்ட முதல் பாட்டு செவன் நேஷன் ஆர்மி, ஃபுட்போல் மைதானங்களில சனம் வாயால பாடுற அந்த மெட்டு, அதுவும் கிற்றார்தான். அவையின்ட கிற்றார் ஆள் ஜாக் வைட் ஒரு பெடல் (காலால அமத்தி சத்தத்தை மாத்திற பெட்டி) போட்டு சுரத்தை ஒரு ஸ்தாயி கீழ இறக்கி வாசிச்சது.

சரி, என்ன செய்யலாம். ஈக்குவலைசரை நேராக்குங்கோ. கனம் காணாதெண்டா பொக்ஸை சுவருக்குக் கிட்டத் தள்ளுங்கோ, எங்கட கல்வீட்டுச் சுவர் கீழ்ச் சத்தத்தைத் திருப்பித் தரும், மூலையில வச்சா இன்னும் கூடும், அம்புக்கு ஒரு பாரமும் இல்லை, காசும் இல்லை. அதுக்குப் பிறகும் மனம் கேக்கேல்லையெண்டா 100இல இருந்து 250 வரைக்கும் உள்ள இடத்தை 2, 3 டெசிபெல் ஏத்துங்கோ, கிற்றாரின்ட உடம்பு அங்கதான் இருக்கு. ஏத்தினா மொத்த வொலியூமை அந்த அளவுக்குக் குறையுங்கோ. அந்தத் தம்பியும் இப்ப அப்பிடித்தான் கேக்கிறான்.

ஷஃபிள்

போடாதேங்கோ. 40 நிமிசத்துக்குள்ள முடியிற அல்பம், வரிசையாவே கேளுங்கோ.

கச்சான் காத்து நேரம் யன்னலைத் திறந்து வச்சுக் கேக்கிறது

பூட்டுங்கோ. சரம் நிண்ட பிறகு இழுபடுற அம்ப் சத்தமும் பாட்டில சேர்த்திதான், காத்து இரைச்சலில அது கேக்காது.

"ட்ரம்ஸ் அடிக்கத் தெரியாது"

வைட் ஸ்ட்ரைப்ஸில ட்ரம்ஸ் அடிச்ச மெக் வைட்டைப் பற்றி இதைச் சொல்லாத ஆளில்லை, எனக்கு இந்தக் கதை பிடிக்கிறதே இல்லை. மூண்டாவது ஆள் இல்லாத இடத்தில ட்ரம்ஸ் எல்லா இடைவெளியையும் நிரப்பினா கிற்றார் மூச்சு விட இடமிருக்காது. அவ விட்ட வெறுமையிலதான் ஜாக் வைட்டின்ட கிற்றார் அவ்வளவு பெரிசாக் கேக்குது. ஒரு பாட்டில ட்ரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கோ, எங்க அடிக்காமல் விடுறா எண்டு.

கோர்ட் மாறும் மாறும் எண்டு காத்திருக்கிறது

ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின்ட பாட்டு வகை) எண்டா 12 பார் (தாளச் சுத்து), மூண்டு கோர்ட் (சேர்ந்து ஒலிக்கிற சுரங்கள்) எண்டு யூடியூப்பில படிச்சிட்டு வந்து, "இது ஒரே இடத்தில சுத்துது, அறுவை" எண்டு நடுவில நிப்பாட்டுறவை கனபேர். பிளாக் கீஸ் பின்பற்றினது வட மிசிசிப்பி மேட்டுநிலத்து ப்ளூஸ் தம்பி, அங்க ஒரே கோர்டில நிண்டு அடியை ஏத்திக்கொண்டே போறதுதான் வழக்கம். நவராத்திரிக்குக் கும்பத்து மாலில (கும்பம் வைக்கிற பந்தலில) உடுக்குச் சத்தத்துக்குள்ள நிண்டு பழகின எங்கட ஊர்ச் சனத்துக்கு இது விளங்காமல் போறதுதான் எனக்கு ஆச்சரியம்.

அந்த வழியின்ட பெரிய ஆள் ஜூனியர் கிம்ப்ரோ, 1998இல செத்துப் போனவர். திக்ஃப்ரீக்னெஸிலயே அவற்றை பாட்டு ஒண்டு இருக்கு, பிறகு 2006இல அவற்றை பாட்டுகளை மட்டும் எடுத்து சூலஹோமா எண்டு ஒரு சின்ன றெக்கோட்டும் பிளாக் கீஸ் விட்டவை. முதல்ல அதைக் கேளுங்கோ, அடுத்து கிம்ப்ரோ 1992இல விட்ட ஓல் நைட் லோங் அல்பம். அதில பேஸ் வாசிக்க ஒரு ஆள் இருக்கிறார், எண்டாலும் கிம்ப்ரோவின்ட பெருவிரல் கீழ்ச் சரத்தில தன்ர பாட்டுக்கு ஒரு பேஸ் ஓட்டிக்கொண்டிருக்கும். அதைக் காது பிடிச்ச பிறகு திக்ஃப்ரீக்னெஸை முதல் பாட்டில இருந்து திரும்பப் போடுங்கோ, குமிழ் நேரா நடுவில நிக்கட்டும்.