நான்குக்கு ஒன்று: கம்பி வளையப் பின்னலில் ஒரு பிரேஸ்லெட்

ஒவ்வொரு வளையமும் பக்கத்து வளையங்கள் நான்கைக் கோத்து நிற்பதால் இந்தப் பின்னலுக்கு 'நான்குக்கு ஒன்று' என்று பெயர். தேவையானவை: 1.2 மி.மீ. செம்புக் கம்பி, அதைச் சுற்ற 5 மி.மீ. இரும்புக் கோல், பல் இல்லாத தட்டை மூக்குப் பிளையர் இரண்டு. வளையத்தின் உள்விட்டத்தைக் கம்பித் தடிமனால் வகுத்தால் 4-க்குச் சற்று மேல் வர வேண்டும். 3-க்குக் கீழே போனால் பின்னல் விறைக்கும், 6-ஐத் தாண்டினால் தொளதொளக்கும். மின்வயரில் உரித்த செம்பு ரொம்ப மெத்து. பழகிப் பார்க்க மட்டும் ஆகும்.

கம்பியைக் கோலில் நெருக்கமாக, இறுக்கிச் சுற்றுங்கள். கழற்றியதும் சுருள் கொஞ்சம் விரியும், அது இயல்பு. சுருளைத் தனித்தனி வளையங்களாக நறுக்குவதற்கு நகை ரம்பமே மேல். சாதாரணக் கம்பிவெட்டி முனையைக் கூராக நசுக்கிவிடும். பிறகு சட்டை நூலை இழுப்பது அந்த முனைதான்.

வளையத்தைத் திறக்கும்போது முனைகளை இடவலமாக விலக்கினால் வட்டம் கெடும். ஒன்றை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் திருகுங்கள். மூடும்போது சற்றுத் தாண்டித் திருகி, உள்நோக்கி அழுத்தியபடியே திரும்பக் கொண்டுவந்தால் முனைகள் ஒன்றையொன்று உரசி நிற்கும். விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், தட்டக்கூடாது.

மூடிய நான்கு வளையங்களை ஒரு திறந்த வளையத்தில் கோத்து மூடி, மேலே இரண்டு, கீழே இரண்டு எனப் பரப்புங்கள். அடுத்த திறந்த வளையத்தில் மூடியவை இரண்டை மாட்டி, கீழ் இரண்டின் வழியே, நடு வளையம் போன அதே திசையில் நுழைத்து மூடுங்கள். திசை மாறினால் பின்னல் அங்கேயே முறுக்கிக்கொள்ளும். ஒரு வரிசை வளையங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய வேண்டும், பக்கத்து வரிசை எதிர்ப்பக்கம்.