சுகருக்கு எண்டோகிரைனாலஜிஸ்ட்: யாருக்குத் தேவை, எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

சுகர் என்று ரிப்போர்ட் வந்த அன்றே சொந்தக்காரர் ஒருவர் ஒரு பெரிய டாக்டர் பெயரைச் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு பெயரைச் சொல்வார். இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டோக்கன் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

படி 1: உங்களுக்கு அவர் தேவையா?

எண்டோகிரைனாலஜிஸ்ட் என்பவர் ஹார்மோன் சுரப்பிகளுக்கான சிறப்பு மருத்துவர். தைராய்டு, பிட்யூட்டரி, அட்ரீனல் என்று அவர் பார்ப்பதில் சுகரும் ஒன்று. நடுத்தர வயதில் வந்த டைப் 2 சுகர் (இன்சுலின் சுரந்தும் சரியாக வேலை செய்யாத, பெரும்பாலோருக்கு வருகிற வகை), ஒன்றிரண்டு மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது என்றால் உங்கள் குடும்ப டாக்டரே போதும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

இவர்கள் கட்டாயம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பேன்: டைப் 1 சுகர் (உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை) உள்ள குழந்தைகள், இளைஞர்கள், சுகரோடு கர்ப்பமானவர்கள், இன்சுலின் போட்டும் இறங்காதவர்கள், அடிக்கடி லோ சுகர் ஆகிறவர்கள். ஒல்லியான உடம்பு, சின்ன வயது, அடிக்கடி வயிற்று வலி என்றால் கணையத்தில் கல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கும். அந்த வகைச் சுகர் தென்னிந்தியாவில் தெரிந்த ஒன்றுதான்.

ஒரு எச்சரிக்கை. சுகர் மிக அதிகமாகி, வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம் என்று இருந்தால் டாக்டர் தேடிக்கொண்டிருக்காதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

படி 2: பெயருக்குப் பின்னால் என்ன போட்டிருக்கிறது?

எம்.பி.பி.எஸ். முடித்து, பொது மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ எம்.டி. முடித்து, அதற்கு மேல் மூன்று ஆண்டு டி.எம். எண்டோகிரைனாலஜி படித்திருக்க வேண்டும். அதற்குச் சமமான டி.ஆர்.என்.பி. பட்டமும் உண்டு. ‘டயபடாலஜிஸ்ட்’ என்ற போர்டு வேறு. அதற்குப் பின்னால் நீரிழிவு டிப்ளமாவும் இருக்கலாம், சில மாதச் சான்றிதழ் படிப்பும் இருக்கலாம். அதற்காக அவர்களைக் குறைவாக எடை போட வேண்டாம். பல வருடமாகச் சுகர் நோயாளிகளையே பார்த்துவரும் எம்.டி. டாக்டர் டைப் 2-வுக்குத் தாராளமாகப் போதும். டைப் 1 குழந்தைக்கோ, கூடவே வேறு ஹார்மோன் சிக்கல் உள்ளவருக்கோ டி.எம். படித்தவரையே தேடுங்கள்.

சந்தேகம் இருந்தால், மருந்துச் சீட்டில் உள்ள பதிவு எண்ணையோ பெயரையோ வைத்து தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் தேடலாம்.

‘சுகரை நிரந்தரமாகக் குணமாக்குகிறோம்’ என்ற விளம்பரம் கண்ணில் பட்டால் நிற்காதீர்கள். சுகருக்கு அப்படி விளம்பரம் செய்யவே 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடை இருக்கிறது.

படி 3: தூரத்தைக் கணக்குப் போடுங்கள்

சுகர் ஒரு தடவை காட்டிவிட்டு வருகிற வியாதி இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டியிருக்கும். ஐந்து மணி நேரம் பஸ் ஏறிப் போகிற பிரபல டாக்டரைவிட, அரை மணி நேரத்தில் போய்ச் சேருகிற நல்ல டாக்டர் மேல். சிக்கலான கேஸ் என்றால் வேலூர் சி.எம்.சி. எண்டோகிரைனாலஜி துறை, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் நீரிழிவுத் துறை போன்ற இடங்களில் ஒருமுறை காட்டிவிட்டு, அவர்கள் எழுதித் தருவதை வைத்து உள்ளூர் டாக்டரிடம் தொடரலாம்.

போனில் கேட்க வேண்டியவை: ஃபீஸ் எவ்வளவு, பெரிய டாக்டரே பார்ப்பாரா, ராத்திரி லோ சுகர் ஆனால் யாரைக் கூப்பிடுவது, வெறும் வயிற்றில் வர வேண்டுமா. வெறும் வயிற்றில் என்றால் காலை மாத்திரையையும் இன்சுலினையும் எப்போது போடுவது என்பதையும் கேட்டுவிடுங்கள்.

படி 4: பையில் என்ன இருக்க வேண்டும்?

பழைய ரிப்போர்ட்டுகள், சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகள் (சித்த மருந்து, பொடி உட்பட), குளுக்கோமீட்டர், இன்சுலின், ஊசி.

படி 5: முதல் நாள் கவனிக்க வேண்டியது

டாக்டரைப் பற்றி எனக்கு முதலில் தெரியவேண்டியது, அவர் செருப்பைக் கழற்றச் சொல்கிறாரா என்பதுதான். நைலான் நரம்பு மாதிரி மெல்லிய இழை ஒன்றை உள்ளங்காலில் வைத்து, அது லேசாக வளையும் வரை அழுத்துவார்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, படும்போதெல்லாம் சொல்ல வேண்டும். பத்து கிராம் அழுத்தம்தான். அது தெரியவில்லை என்றால் காலில் முள் குத்தினாலும் தெரியாமல் போகலாம். டாக்டரே செய்ய வேண்டும் என்றில்லை, நர்ஸ் செய்தாலும் சரி. வருடத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டும். விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் புரதம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ஆகியவற்றையும் அதேபோல் எழுதித் தருகிறாரா பாருங்கள்.

இன்சுலின் போடுகிறவர் என்றால், ஊசி குத்தும் இடத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டி தட்டியிருந்தால் மருந்து சரியாக உடம்பில் சேராது. டோஸை ஏற்றிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை. சிவப்பு மூடி ஊசி, ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலின் குப்பிக்கு; ஆரஞ்சு மூடி ஊசி, ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ள குப்பிக்கு. மாற்றிப் போட்டால் டோஸே தலைகீழாகிவிடும். இதை யாராவது உட்கார வைத்துச் சொல்லித் தருகிறார்களா?

அப்புறம் சாப்பாடு. காலையில் எத்தனை இட்லி, ராத்திரி ஷிஃப்ட் உண்டா, விரதம் இருப்பீர்களா என்று கேட்கிறவர் நல்ல டாக்டர். ஓட்ஸும் ஆலிவ் எண்ணெயும் போட்ட ஜெராக்ஸ் தாளை நீட்டினால் எனக்கு நம்பிக்கை வராது.

கடைசியாக, மூன்று மாத சுகர் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி உங்களுக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேளுங்கள். பலருக்கு 7 சதவீதத்துக்குக் கீழே என்பார்கள். தனியாக இருக்கிற எண்பது வயதுப் பாட்டிக்கும் அதே இலக்கைச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். அந்த வயதில் லோ சுகர்தான் பெரிய ஆபத்து. இரத்த சோகை இருந்தால் இந்த எண்ணே தப்பாகக் காட்டலாம், அதையும் சொல்லிவிடுங்கள்.

படி 6: ஒத்துவரவில்லை என்றால்

ஒவ்வொரு முறையும் ஐயாயிரம் ரூபாய் டெஸ்ட் பேக்கேஜ், அவர்கள் மெடிக்கலில் மட்டுமே கிடைக்கும் மாத்திரை, கேள்வி கேட்டால் எரிச்சல் என்று இருந்தால் மாற்றிக்கொள்வதில் தப்பே இல்லை. ஆனால் நடுவில் மருந்தை, முக்கியமாக இன்சுலினை, நிறுத்திவிடாதீர்கள். கிளம்பும் முன் சிகிச்சைப் பதிவுகளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மருந்தின் பிராண்ட் பெயரோடு மூலப் பெயரையும் (ஜெனரிக் பெயர்) எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த டாக்டர் பார்ப்பதற்கும், மக்கள் மருந்தகத்தில் விலை விசாரிப்பதற்கும் அது உதவும்.