ராத்திரி ஒன்பதுக்கு மேல் தேதியைத் தொடாதீர்கள்

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ரிட்டையர் ஆனவன் நான். ராத்திரி டூட்டி என்றால் பத்து மணிக்கு உட்கார்ந்து, பெங்களூரிலிருந்து சேலம் போகிற வண்டிகளின் டிரிப் ஷீட்டில் நேரம் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். 11.55க்கு வந்த வண்டிக்கும் 12.05க்கு வந்த வண்டிக்கும் பத்து நிமிஷம்தான் வித்தியாசம். ஷீட்டில் ஒரு நாள். இதற்காகவே அப்பா கொடுத்த எச்.எம்.டி. ஜனதா வாட்ச்சைக் கழற்றி வைத்துவிட்டு, தேதி காட்டுகிற ஆட்டோமேட்டிக் ஒன்று வாங்கினேன். ஜனதாவில் தேதி கிடையாது. தினம் சாவி கொடுத்தால் ஓடும், அவ்வளவுதான்.

வாங்கிய மாசமே அதைக் கெடுத்தேன். நவம்பர் 30 முடிந்து டிசம்பர் 1 பிறந்த ராத்திரி, மணி 12.20. வாட்ச் 31 என்று காட்டியது. டிரைவர் ஜன்னலில் ஷீட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அவசரத்தில் சாவியைப் பாதி இழுத்துத் திருகினேன். உள்ளே 'நறுக்' என்றது. சின்னக் கட்டத்துக்குள் 31-இல் பாதி, 1-இல் பாதி. அப்படியே நின்றுவிட்டது.

ரிப்பேர் கடை பாய் மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ராத்திரியில தேதியத் தொட்டீங்களா சார்? அது பிரசவ நேரம். ஒன்பதுக்கு வலி எடுக்கும், பன்னெண்டுக்குப் பொறக்கும், மூணு வரைக்கும் யாரும் கிட்ட போகக் கூடாது."

அவர் காட்டியதுதான் எனக்குப் பாடம். டயலுக்கு அடியில் 31 எண்கள் எழுதிய வளையம் ஒன்று. அதன் உள்விளிம்பில் 31 பல். சின்ன முள்ளைச் சுற்றும் சக்கரம் நாளைக்கு இரண்டு சுற்று சுற்றும். அதோடு கோத்த இன்னொரு சக்கரம் 24 மணி நேரத்தில் ஒரே சுற்று. அதில் விரல் மாதிரி ஒரு நீட்டம். ராத்திரி ஒன்பது வாக்கில் அந்த விரல் ஒரு பல்லில் போய்ச் சாயும். மெல்லத் தள்ளி, பன்னிரண்டை ஒட்டி வளையத்தை ஒரு பல் நகர்த்தும். அதற்குப் பிறகும் விரல் பல்லிடுக்கை விட்டு முழுசாக வெளியே வர இரண்டு, மூன்று மணியாகிவிடும். அந்த நேரம் பார்த்து நாம் சாவியைத் திருகினால், நம் கை ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம், இளைத்தது உடையும். எனக்கு உடைந்தது விரல் இருந்த சக்கரம். சில வாட்ச்சில் விரல் வளைந்து கொடுக்கும். அது எந்த வாட்ச் என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

ஆகவே வாட்ச் நின்றுபோய்க் கிடந்தால் நான் செய்வது இது. சாவியை முழுசாக இழுத்து, தேதி தாண்டுகிற வரை முள்ளை முன்பக்கமே சுற்றுகிறேன். தாண்டிய இடம்தான் நள்ளிரவு. இதைப் பார்க்காமல் வைத்தால் தேதி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மாறும்; பலர் வாட்ச் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவது இதற்குத்தான். அங்கிருந்து காலை ஆறுக்குக் கொண்டுபோகிறேன். இப்போது விரல் பல்லை விட்டு வெகு தூரத்தில் இருக்கும். சாவியை நடு நிலைக்குத் தள்ளி நேற்றைய தேதியை வைக்கிறேன். மறுபடி முழுசாக இழுத்து, இன்றைய தேதி விழும் வரை சுற்றி, பிறகு நேரம். மணி பிற்பகல் என்றால் பன்னிரண்டை இன்னொரு தரம் தாண்ட வேண்டும்.

நடு நிலையே இல்லாத பழைய வாட்ச்சும் உண்டு. அதில் பன்னிரண்டைத் தாண்டி, திரும்ப ஒன்பதுக்கும் கீழே வந்து, மறுபடி தாண்டினால் ஒவ்வொரு தேதியாக நகரும். பின்னால் சுற்றும்போது முள் இறுகினால் விட்டுவிடுங்கள். கிழமையும் காட்டுகிற வாட்ச் என்றால் விடிகிற வரை பொறுங்கள்; கிழமை தேதிக்குப் பின்னால் ஆடி அசைந்துதான் வரும்.

31 நாள் இல்லாத மாசம் ஐந்து என்பதால் வருஷத்துக்கு ஐந்து தடவை இந்த வேலை உண்டு. மார்ச் 1 அன்றைக்கு 29 என்று காட்டும்; லீப் வருஷமானால் 30. ஆனி மாசம் சில வருஷம் 32 நாள் வருமே, தமிழ்த் தேதிக்கு வாட்ச் செய்தால் இந்த வளையம் போதாது என்று பாயிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை; இன்னொரு பல் வெட்ட இடம் இருக்கிறதா என்று யோசித்தார்.

இனி வாட்ச்சைக் கையில் கட்டுகிற வாருக்கு வருகிறேன். முதலில் வார் மாட்டுகிற இரண்டு காதுக்கும் நடுவே உள்பக்கமாக ஸ்கேல் வைத்து மி.மீ.யில் அளந்துகொள்ளுங்கள். 18, 20, 22 என்று ஏதாவது இருக்கும். 20க்கு 18 போட்டால் வாரைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் பின் இடைவெளியில் தெரியும். 18க்கு 20ஐத் திணித்தால் வாரின் ஓரம் கசங்கும்.

தோல் வார் அழகுதான். எங்கள் ஊர் சித்திரை வெயிலில் இரண்டு மாசத்தில் உப்புப் பூத்து நாறும். ஒருமுறை காவேரிப்பட்டணத்தில் மச்சான் தோப்பில் மாங்காய் பறிக்கப் போனேன். காம்பு ஒடிந்த பால் வாரில் பட்ட இடம் கருகின மாதிரி ஆகி, கடைசி வரை போகவில்லை. தோல் கல்யாணத்துக்கு. ஸ்டீல் செயின் வேர்வைக்குப் பரவாயில்லை, ஆனால் கை மயிரைப் பிடுங்கும். மேஜையில் எழுதும்போது கொக்கி தரதரவென்று இழுபடும். மலிவான ரப்பரைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

நான் கட்டுவது ஒரே துண்டாக வரும் நைலான் வார். பிரிட்டிஷ் ராணுவத்துக்காக 1973இல் வந்த வடிவம். இரண்டு பின்னுக்கும் அடியில் நுழைந்து போவதால் ஒரு பின் தெறித்தாலும் வாட்ச் இன்னொன்றில் தொங்கும். பஸ் படியில் ஏறி இறங்குகிறவனுக்கு இது பெரிய விஷயம். குறை ஒன்று: வாட்ச் முதுகுக்கு அடியில் துணி போவதால் கொஞ்சம் உயரும், முழுக்கைச் சட்டை பட்டனில் இடிக்கும். ஞாயிற்றுக்கிழமை துணி சோப்பில் கசக்கிக் காயப்போட்டால் முடிந்தது. சுண்டு விரல் நுழைகிற அளவு தளர்த்திக் கட்டுங்கள். மத்தியானத்துக்குள் கை வீங்கும்.

வார் மாற்றும்போது வாட்ச்சை மடித்த துண்டின் மேல் கவிழ்த்து வைத்து, பின்னின் தோளை, அதாவது முனையை ஒட்டிய விளிம்பை, கருவியால் உள்ளே அமுக்குங்கள். சட்டென்று தெறித்துக் கட்டிலுக்கடியில் போய்விடும், கட்டை விரலால் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த பழைய பின்னைத் திரும்பப் போடாதீர்கள். புதுசு ஒரு ஜோடி டீக்காசுதான்.